தகரக்கூரையும் சட்டரும் லினோவில்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் லினோ அச்சைப் பற்றி ஒரு பக்கக் குறிப்புப் போட்டிருந்தோம். தட்டையான லினோலியத் துண்டொன்றில் உளியால் செதுக்கி, செதுக்காமல் மிஞ்சிய மேற்பரப்பில் மை உருட்டி, கடதாசியை வைத்துத் தேய்த்து எடுப்பதுதான் அந்த முறை. "பழகுவதற்கு உங்கள் ஊர்க் கடைத்தெருவையே எடுங்கள்" என்று முடித்திருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்தக் கடைசி வரியோடு சண்டைக்கு வந்தவை. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறோம்.

யாழ்ப்பாணத்தில் கோட்டை இருக்கிறது, நூலகம் இருக்கிறது, நாற்சார் வீடுகள் இருக்கின்றன. கிளிநொச்சியில் ஏ9 வீதியின் இரண்டு பக்கமும் 2010க்குப் பிறகு எழும்பிய சீமெந்துப் பெட்டிகள்தான். இதில் எதைச் செதுக்குவது?
— வாசகர், கிளிநொச்சி

அந்தப் பெட்டிகளைத்தான். லினோவுக்குத் தெரிந்தது இரண்டே இரண்டு: மை பட்ட இடம், மை படாத இடம். சாம்பல் நிறம் அதற்குக் கிடையாது. கோடுகளை நெருக்கியும் தள்ளியும் வைத்து நாம்தான் அதை ஏமாற்றிக் கொண்டுவர வேண்டும். கோயில் கோபுரத்தை எடுத்தீர்களானால் நூறு சிலையும் ஒன்றோடொன்று கலந்த நிழலுமாக வந்து நிற்கும், முதல் வேலையிலேயே கை சோர்ந்துவிடும். கடைத்தொகுதியில் அந்தச் சிக்கல் இல்லை. வெயில் பட்ட சுவர் வெள்ளை, கடையின் உட்புறம் முழுக் கறுப்பு, இரண்டுக்கும் நடுவே சட்டரின் கிடைக்கோடுகள், மேலே சன்ஷேட்டின் நிழல். மேல்மாடி கட்டக் காசு வரும்வரை தட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கிற கம்பிகள், அவற்றுக்கு நடுவே ஒரு கறுத்தத் தண்ணீர்த் தாங்கி. அச்சுக்கு இதைவிடத் தோதான பொருள் வன்னியில் இல்லை என்பது எங்கள் கட்சி.

இங்கிலாந்தின் எட்வேர்ட் போடன் (1903–1989) லண்டனின் லிவர்பூல் ஸ்ட்ரீட் புகையிரத நிலையத்தையும் சந்தைக் கட்டடங்களையும் லினோவில் வெட்டியவர். அவருடைய நிலையப் படத்தில் நம் கண்ணைப் பிடிப்பது திரும்பத் திரும்ப வருகிற இரும்புத் தூணும் கூரைச் சட்டமும்தான். நம்மிடம் அந்த இரும்பு இல்லை. திரும்பத் திரும்ப வருவது நிறைய இருக்கிறது.

பார்க்கப் போகிற நேரம் முக்கியம். கிளிநொச்சி நகரில் ஏ9 ஏறக்குறைய வடக்குத் தெற்காக ஓடுகிறது. ஆகவே வீதியின் மேற்குப் பக்கத்துக் கடைகள் கிழக்கைப் பார்த்து நிற்கின்றன. அவற்றைக் காலை 7 மணிக்கும் 8.30க்கும் இடையில் பாருங்கள். எதிர்ப்பக்கத்துக் கடைகளை மாலை 4.30க்குப் பிறகு பாருங்கள். வெயில் சாய்வாக விழும்போதுதான் பூச்சின் கரடும் சட்டரின் மடிப்பும் தெரியும். உச்சி வெயில் வேறு வகையான படம் தரும். ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசியிலும் சூரியன் நமக்கு நேர் உச்சியில் வரும். அந்த நாட்களில் நண்பகலை ஒட்டிச் சன்ஷேட்டின் நிழல் சுவரின் மேல் நீட்டாகக் கீழே இறங்கும். சன்னலும் கதவும் அந்த நிழலுக்குள் மறைந்து, கட்டடம் இரண்டு பட்டையாகப் பிரிந்துவிடும். செதுக்குகிறவருக்கு அது இலவச உதவி.

ஒரு பிறிஸ்டல் போட் துண்டில் 6 × 8 சென்ரிமீற்றர் சன்னல் வெட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதற்குள்ளால் பாருங்கள். முழுக் கட்டடத்தையும் அடக்கப் பார்க்க வேண்டாம். மூன்று சட்டர், அதில் ஒன்று பாதி திறந்தது, வாசலில் ஒரு சைக்கிள்: 10 × 15 சென்ரிமீற்றர் லினோ தகட்டுக்கு அது போதும். பிறகு கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். நடுத்தரமாகத் தெரிகிற ஒவ்வொரு இடத்தையும் கறுப்புப் பக்கமா வெள்ளைப் பக்கமா சேர்ப்பது என்று அங்கேயே நின்று முடிவுசெய்து, 2பி பென்சிலால் கறுப்பை நிரப்பிவிடுங்கள். வீட்டில் வந்து முடிவெடுப்போம் என்று விட்டால் படம் முழுவதும் அரைகுறையாகக் கோடு போட்டு வைப்பீர்கள்.

லினோ தகடு இங்கே எந்தக் கடையிலும் இல்லை. தரைக்கு விரிக்கிற பிளாஸ்ரிக் விரிப்பில் வெட்டலாமா? உளிக்கு என்ன செய்வது?
— உயர்தரச் சித்திர மாணவி, மல்லாவி

தரை விரிப்பு சரிவராது. அதன் மேற்படை ஒரு மில்லிமீற்றர்கூட இருக்காது, போதாததற்கு அதில் பூவேலைப் புடைப்பு வேறு. உண்மையான லினோலியம் ஆளிவிதை எண்ணெயையும் தக்கைத் தூளையும் மரத்தூளையும் சேர்த்துச் சணல் துணியில் படியவைத்தது. 1860களில் இங்கிலாந்தில் பிரெட்ரிக் வால்ற்றன் தரைக்கென்று உண்டாக்கியது. ஓவியர்கள் பிறகுதான் அதைத் தூக்கிக்கொண்டார்கள். பின்னால் திருப்பிப் பார்த்தால் சாக்குத் துணி தெரிய வேண்டும், மூக்கில் எண்ணெய் வாசம் அடிக்க வேண்டும். அச்சுக்கு விற்பது ஏறக்குறைய 3.2 மில்லிமீற்றர் தடிப்பு. கொழும்பிலிருந்து எடுப்பித்தால் பழைய சரக்கா என்று கேளுங்கள். பழசானால் காய்ந்து, வளைத்தவுடன் வெடிக்கும். செதுக்கும்போது கோட்டின் ஓரம் பொடிப்பொடியாக உதிரும்.

கிடைக்கும்வரை இரண்டு மாற்று உண்டு. முதலாவது 3 மில்லிமீற்றர் எம்.டி.எப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகை. தளபாடக் கடைகளில் வெட்டுத்துண்டு கிடக்கும். அப்படியே வெட்டினால் கோட்டின் ஓரத்தில் பஞ்சு எழும்பும். முதலில் வார்னிஷைத் தின்னரில் பாதிக்குப் பாதி கரைத்து ஒரு பூச்சுப் பூசி, ஒரு நாள் காயவிட்டு வெட்டுங்கள். மூக்குக்கு மாஸ்க் கட்டாயம், அந்தத் தூள் நெஞ்சுக்குக் கூடாது. இரண்டாவது, செருப்புத் தைக்கிறவர்கள் அடிக்கு ஒட்டுகிற இறப்பர் சீற். வெட்ட மிக இலகு. ஆனால் ஒன்றரை மில்லிமீற்றருக்கு மெல்லிய கோடு றோலர் படும்போது சாய்ந்துவிடும். பெரிய வடிவங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

உளிக்குப் பழைய குடையைப் பிரியுங்கள். குடைக்கம்பி தகட்டை மடித்துச் செய்ததாக, குறுக்குவெட்டில் யூ வடிவாக இருக்க வேண்டும். உருண்டைக் கம்பி உதவாது. 8 சென்ரிமீற்றர் நீளத்தில் வெட்டி, நுனியை வெளிப்புறத்திலிருந்து சாய்வாகத் தீட்டுங்கள். முதலில் அரக்கல், பிறகு 400, கடைசியில் 1000 இலக்க சாண்ட்பேப்பரைத் தண்ணீர் தொட்டுக் கண்ணாடியின் மேல் வைத்து. உட்புறத்தில் வந்த பிசிறை மடித்த சாண்ட்பேப்பரால் ஒரு இழுப்பு இழுத்து எடுக்க வேண்டும்; பெரும்பாலானோர் விடுவது இதைத்தான், பிறகு உளி வெட்டாமல் கிழிக்கிறது என்பார்கள். கொய்யாத் தடியில் துளை போட்டு எப்பொக்சியால் பொருத்திவிட்டால் கைக்கு அடங்கும். மெல்லிய கோட்டுக்கு மட்டும் கடையில் ஒரு வி உளி வாங்குங்கள். காசு போட வேண்டியது அதிலும் றோலரிலும்தான்.

குளிர்நாட்டுப் புத்தகங்கள் லினோவைச் சூடாக்கி இளக்கி வெட்டச் சொல்லும். இங்கே அது தேவையில்லை. பங்குனி, சித்திரையில் மதியத்தில் தகடு அளவுக்கு மீறி இளகி, கோடு இழுபடும். காலையில் வெட்டுங்கள். உளியின் பாதைக்கு முன்னால் மற்றக் கை ஒருபோதும் இருக்கக் கூடாது.

போனில் படத்தைத் திருப்பித்தான் லினோவுக்கு மாற்றினேன். அச்செடுத்தால் கடையின் பெயர்ப்பலகை மறுபடி தலைகீழாக, இடம்வலமாக வந்திருக்கிறது. என்ன பிழை?
— வாசகர், புதுக்குடியிருப்பு

நீங்கள் தின்னர் முறையில் மாற்றியிருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறோம். லேசர் போட்டோக்கொப்பியை முகம் கீழாகக் கவிழ்த்து, பின்னால் தின்னர் தொட்டுத் தேய்த்தால் படம் தகட்டில் இடம்வலம் மாறித்தான் ஒட்டும். அச்செடுக்கும்போது இன்னொரு தடவை மாறி நேராகிவிடும். ஆகவே போனில் திருப்பவே கூடாது. திருப்பியதால் மூன்று மாற்றமாகிப் பிழைத்தது. காபன் தாள் வைத்து மேலிருந்து வரைகிறவர்கள்தான் முதலில் திருப்ப வேண்டும். தலைகீழாகவும் வந்திருந்தால் அதற்குத் தகட்டையோ கடதாசியையோ சுற்றிப் பிடித்தாலே போதும்.

தின்னர் முறைக்கு லேசர்க் கொப்பிதான் வேண்டும், இங்க்ஜெட் பிரதி கலங்கி ஓடும். தாளின் ஒரு ஓரத்தை டேப்பால் ஒட்டி, பஞ்சில் தின்னரைத் தொட்டுப் பிழிந்து (சொட்டக் கூடாது) உள்ளங்கை அளவு இடமாக ஒற்றி, கரண்டியின் பின்புறத்தால் உடனே அழுத்தித் தேயுங்கள். ஓரத்தைத் தூக்கிப் பார்த்து அடுத்த இடத்துக்குப் போங்கள். வெளி விறாந்தையில், அடுப்பும் சிகரெட்டும் இல்லாத இடத்தில். இறப்பர் சீற்றில் இதைச் செய்யாதீர்கள், தின்னர் அதைத் தின்றுவிடும்; அதற்குக் காபன் தாள்.

பெயர்ப்பலகை எழுத்தைப் பற்றி ஒரு சொல். தமிழ் எழுத்தின் சுழிகள் சின்ன அளவில் அடைபட்டுப் போகும். எழுத்துயரம் 10 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் 'ணை', 'ழு', 'ஞ' எல்லாம் ஒரே பொட்டாகிவிடும். கறுப்புப் பட்டையில் வெள்ளை எழுத்தாக வெட்டுவது, வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்தை விட்டுவைப்பதைவிடப் பல மடங்கு இலகு. வளைவில் உளியைத் திருப்பாதீர்கள்; உளியை ஓரிடத்தில் பிடித்துக்கொண்டு தகட்டைச் சுழற்றுங்கள். பலகையில் மூன்று மொழியும் இருந்தால் மூன்றையும் வெட்ட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஒன்றை ஒழுங்காக வெட்டி, மற்ற இரண்டையும் சில கீறலால் காட்டினால் போதும்.

தகரக்கூரையை வெட்டினால் சீப்பு மாதிரி வருகிறது. கல்லுச் சுவரை வெட்டினால் கணிதக் கொப்பி மாதிரி வருகிறது. உயிர் இல்லை.
— வாசகர், மாங்குளம்

எல்லாக் கோட்டையும் ஒரே ஆழத்தில், ஒரே நீளத்தில், முழுதாக வெட்டியிருப்பீர்கள். தகரத்தின் நெளிவுகள் பார்வைக்கு இறவாரத்தில் அகன்று முகட்டை நோக்கி நெருங்கும்; அதனால் வி உளியை இறவாரத்தில் அழுத்தித் தொடங்கி, முகட்டுக்குப் போகப் போகக் கையை இலேசாக்கித் தூக்கிவிடுங்கள். கோடு தானாக ஒடுங்கி மறையும். வெயில் கூசுகிற இடத்தில் இரண்டு மூன்று கோட்டை ஒன்றாக்கி அகலமாக வழித்தெடுங்கள். மரநிழல் விழுந்த இடத்தில் ஒன்றுமே வெட்டாமல் விடுங்கள். கறள் பிடித்த தகரத்துக்கு ஒரு வழி: 60 இலக்க சாண்ட்பேப்பரை மடித்து அந்த இடத்தில் நாலு தரம் உரசுங்கள், இல்லாவிட்டால் கம்பி பிரஷால் இழுங்கள். உளியால் வராத கரடு அதில் வரும்.

சீமெந்துக் கல்லின் பொருத்துகளை எல்லாம் வெட்ட வேண்டாம். பூச்சு உதிர்ந்த மூலையில் நாலைந்து கல்லைக் காட்டினால் மிச்சச் சுவரைப் பார்க்கிறவரின் கண் கட்டிக்கொள்ளும். சட்டருக்கு உருக்கு அளவுகோலை வைத்து முதலில் பிளேட்டால் கீறி, அந்தக் கீறலை ஒட்டி வி உளியை ஓட்டுங்கள். உளி வழுக்கினாலும் கீறலைத் தாண்டாது. இரண்டு கோட்டை மட்டும் அளவுகோல் இல்லாமல் கைக்கணக்கில் போடுங்கள், சட்டர் நெளிந்த இடம் போல இருக்கும். கிடுகு வேலிக்குக் குட்டைக் கோடுகள், ஒரு வரிசைக்கும் அடுத்ததற்கும் பாதி தள்ளி; ஒவ்வொரு வரிசையின் மேல் ஓரத்திலும் வெயில் பட்ட மாதிரி ஒரு மெல்லிய வெள்ளை.

பலரும் விழுகிற குழி மின்கம்பி. வெள்ளை வானத்தில் கறுப்புக் கம்பி வேண்டுமென்றால் வானத்தை முழுக்க வழித்தெடுத்து, நடுவில் அரை மில்லிமீற்றர் வரம்பை நிற்கவைக்க வேண்டும். அது இரண்டாம் அச்சிலேயே முறியும். வானத்தைக் கறுப்பாக விட்டுக் கம்பியை வெள்ளைக் கோடாக வெட்டுங்கள், ஒரே இழுப்பில் முடியும். வங்காள ஓவியர் நந்தலால் போஸ் 1930இல் தண்டி யாத்திரைக் காந்தியை லினோவில் வெட்டியது இந்த வழியில்தான்: கறுப்புப் பரப்பில் வெள்ளைக் கோடு. பகல் வானம் கறுப்பாக இருப்பதில் ஒரு பிழையும் இல்லை.

விட்டுவைக்கிற கோட்டின் இரண்டு பக்கமும் சரிவாக இருக்க வேண்டும். அடியைக் குடைந்துவிட்டால் அது நிற்காது. சாதாரண வெட்டுக்கு ஒரு மில்லிமீற்றர் ஆழம் போதும். அகலமாக வழித்த இடத்தில் கடதாசி தொய்ந்து மை ஒட்டும் என்பதால் அங்கே இரண்டு மில்லிமீற்றர் வரை போகலாம். சாக்குத் துணி தெரிந்தால் நிறுத்துங்கள்.

அச்சு முழுவதும் வெள்ளைப் புள்ளி. மையைக் கூட்டினால் கோடுகள் அடைக்கின்றன. குறைத்தால் புள்ளி.
— வாசகர், வவுனியா

மூன்று தாள் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். புள்ளி ஒவ்வொரு தாளிலும் அதே இடத்தில் இருந்தால் குற்றம் தகட்டில்: பள்ளமோ, ஒட்டிய தூசியோ, மேலே இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கோ. வெட்டுவதற்கு முன்னர் 400 சாண்ட்பேப்பரால் இலேசாக உரசித் துடைத்திருந்தால் பிசுக்குப் போயிருக்கும். புள்ளி இடம் மாறி மாறி வந்தால் தேய்த்தது போதவில்லை. எல்லா இடமும் ஒரே சீராக இருந்தால் கடதாசி கரடு, அல்லது மை குறைவு. முதல் இரண்டு தாளைக் கணக்கில் எடுக்காதீர்கள். புதுத் தகடு மையைக் குடிக்கும்.

கையால் தேய்ப்பதற்கு 70–90 ஜி.எஸ்.எம். (சதுர மீற்றருக்கு இத்தனை கிராம்) வழுவழுப்பான மெல்லிய தாள் நல்லது. பள்ளிக்கூடத்து டிமைத் தாளே பழக்கத்துக்குப் போதும். 200 ஜி.எஸ்.எம். காட்றிட்ஜ் தாள் விலை கூடியது, கரண்டிக்கு அடங்காது; அதற்கு இயந்திரம் வேண்டும். கரண்டியைவிடச் சிரட்டை அகப்பையின் பின்புறத்தை 1000 சாண்ட்பேப்பரால் மினுக்கி எடுத்தால் கைக்கு இதமாக இருக்கும், சூடேறாது. தாளுக்கும் அகப்பைக்கும் இடையில் கேக் சுடுகிற எண்ணெய்த்தாள் ஒன்றை வைத்தால் கிழியாது. நடுவிலிருந்து வெளியே, சின்ன வட்டங்களாக. ஒரு உள்ளங்கையால் தாளை அழுத்திக்கொண்டு மற்ற மூலையைத் தூக்கிப் பார்க்கலாம். இரண்டு கையையும் எடுத்துவிட்டுப் பார்க்கக் கூடாது.

இனி மை. அச்சகங்களில் ஓப்செற் மை கேட்டால் டின்னின் அடியில் கிடப்பதைத் தருவார்கள், அது நன்றாக வேலை செய்யும். 20 × 30 சென்ரிமீற்றர் தகட்டுக்குத் தொடக்கத்தில் ஒரு தேக்கரண்டி. கண்ணாடியில் கத்தியால் ஒரு கோடாக இழுத்து, றோலரை உருட்டி, ஒவ்வொரு முனையிலும் தூக்கி வைத்து உருட்டுங்கள். தூக்காமல் முன்னும் பின்னும் தள்ளினால் றோலரின் அதே பக்கம்தான் அதே இடத்தில் படும். காதைக் கொடுங்கள். "சப் சப்" என்று ஒட்டிப் பிரிந்தால் மை கூட. சீராக "ஸ்ஸ்" என்று இரைந்தால் சரி. தகட்டுக்கு ஒரே தடவையில் தடிப்பாக வேண்டாம், மெல்லிய படையாக நாலு தரம், ஒவ்வொரு தரமும் திசை மாற்றி.

கோடு அடைப்பதற்கு வெயிலும் ஒரு காரணம். 34 பாகையில் மை இளகி ஓடும். ஒரு செய்தித்தாளில் மையைப் பரப்பிக் கால்மணி நேரம் வைத்தால் மிச்ச எண்ணெயைத் தாள் இழுத்துவிடும், வழித்தெடுத்துப் பாவியுங்கள். அப்படியும் இளகலாக இருந்தால் ஒரு தேக்கரண்டி மைக்கு ஒரு சிட்டிகை சோளமா. அடைபட்ட தகட்டை மறுபடி மை போடாமல் செய்தித்தாளில் இரண்டு தரம் அச்செடுத்து, கோட்டுக்குள் பல் பிரஷால் எடுங்கள்.

ஒரு கிழமை ஆகியும் மை காயவில்லை.
— வாசகர், முள்ளியவளை

மாரியில் அது வழமை. எண்ணெய் மை காற்றுப் பட்டுத்தான் இறுகும், ஈரக்காற்றில் மெதுவாக. அச்சக மைகளில் சில தாளுக்குள் ஊறிக் காய்வதற்கென்றே செய்தவை. வழுவழுப்பான பளபளத் தாளில் அவை மாதக்கணக்கில் கையில் ஒட்டும். சாதாரணத் தாளுக்கு மாறுங்கள், படையை மெல்லியதாக்குங்கள். கொடியில் கிளிப் போட்டு, தாளுக்குத் தாள் நாலு விரல் இடம் விட்டுத் தொங்கவிடுங்கள். கோடையில் எதிர்ப்பிரச்சினை: மை சீக்கிரம் காயும், ஆனால் சோளகம் செம்மண் தூசியை அள்ளிக்கொண்டு வந்து அதில் ஒட்டும். அந்த மாதங்களில் காற்றுப் பக்கத்துச் சன்னலைச் சாத்திவிட்டு வேலை செய்யுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆளிவிதை எண்ணெய் கலந்த மை துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது காயும்போது தானே சூடாகி, குவியலாக இருந்தால் நெருப்பே பற்றும். தண்ணீரில் நனைத்து, வெளியில் விரித்துக் காயவிட்டு எறியுங்கள். துடைப்பதற்கு மண்ணெண்ணெய் வேண்டாம். தேங்காயெண்ணெயால் மையைக் கரைத்து, பிறகு சவர்க்காரம் போதும்.

எங்கள் பக்கம் வீட்டுத்திட்ட வீடுகள் வரிசையாக ஒரே அச்சில் வார்த்த மாதிரி. அதை வர்ணத்தில் எடுக்க ஆசை.
— வாசகி, ஒட்டுசுட்டான்

நல்ல ஆசை. இந்திய வீட்டுத்திட்டத்தில் மட்டும் 50,000 வீடுகள் என்று கணக்கு. வன்னிக்கு வந்தவை வரைபடத்தில் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான். ஆனால் பத்து வருடத்துக்குப் பிறகு ஒரு வரிசையைப் போய்ப் பாருங்கள். ஒருவர் முன்னுக்குத் தகரப் பத்தி இறக்கியிருப்பார், ஒருவர் பூச்சு முடிக்காமலே விட்டிருப்பார், இன்னொருவர் கிறில் போட்டுப் பச்சை அடித்திருப்பார். அடுப்படி பெரும்பாலும் பின்னால் தனிக் கொட்டிலில். ஒரே வீட்டை மூன்று தடவை வெட்டி, பத்தியையும் வேலியையும் மட்டும் மாற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், உங்கள் படத்தின் பொருளே அதுதான்.

வர்ணத்துக்கு ஒரே தகட்டைக் குறைத்துக் குறைத்து அச்சிடும் முறையைப் பாவியுங்கள். பிக்காசோ தெற்குப் பிரான்ஸில் பெயர்பெறச் செய்த முறை அது. கடதாசி வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தை மட்டும் முதலில் வெட்டி, எல்லாத் தாளிலும் வெளிர் மணல் நிறத்தை அச்சிடுங்கள். பிறகு மணல் நிறமாகவே நிற்க வேண்டியதை வெட்டியெடுத்து, மேலே சாம்பல் பச்சை. பிறகு பச்சையாக நிற்க வேண்டியதை வெட்டி, கடைசியில் கறுப்பு. வெளிறலிலிருந்து கருமைக்கு, ஒருபோதும் எதிர்த்திசையில் அல்ல. வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது என்பதால், பத்து நல்ல பிரதி வேண்டுமானால் பதினாறு தாளோடு தொடங்குங்கள்.

நிறங்கள் விலகாமல் இருக்க, தடித்த காட்போட் ஒன்றில் தகட்டின் தடிப்பிலேயே எல் வடிவச் சட்டம் ஒட்டி, தகடு எப்போதும் அந்த மூலையில் முட்டி உட்காரும்படி செய்யுங்கள். தாளுக்கு வெளியே இன்னொரு எல். தாளின் மூலையை முதலில் வைத்து, பிறகு ஒரு ஓரம், பிறகு கையை விடுங்கள். ஈரத் தாள் காயும்போது சுருங்கும், அதனால் இந்த முறைக்குத் தாளை நனைக்கவே கூடாது. முதல் படை தடிப்பாக இருந்தால் மூன்றாவது ஒட்டாமல் வழுக்கும். ஒளிபுகும் எக்ஸ்டெண்டர் மையைப் பாதி கலந்து மெல்லியதாக உருட்டுங்கள். படைக்கும் படைக்கும் இடையில் ஒன்றிலிருந்து மூன்று நாள்.

ஷெல் பட்ட சுவர்களை எடுக்கலாமா? படம் பிடிக்கப் பயமாகவும் இருக்கிறது.
— வாசகர், கிளிநொச்சி

எடுக்கலாம். வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டு எடுங்கள். உங்களுக்கு அது ஒரு கரடு, அவருக்கு அது ஒரு நாள். இராணுவ முகாம், பொலிஸ் நிலையப் பக்கம் போனைத் திருப்ப வேண்டாம். மிதிவெடி எச்சரிக்கை உள்ள காணியிலும் கைவிட்ட கட்டடத்திலும் கால் வைக்காதீர்கள், வீதியில் நின்று வரையுங்கள். போரில் சரிந்த கிளிநொச்சித் தண்ணீர்த் தாங்கியைக் கமரா வைத்திருந்த எல்லோரும் எடுத்தாயிற்று. அதை விட்டுவிடச் சொல்வோம்.

தொழில்முறையாக ஒன்று. சன்னம் பட்ட குழி கறுப்புப் பொட்டு அல்ல. வெயில் இடது மேலிருந்து வந்தால், குழியின் இடது மேல் உட்பக்கம் நிழல், வலது கீழ் உட்பக்கம் வெளிச்சம். சிறிய யூ உளியைக் குத்திக் கால் சுற்றுத் திருகினால் பிறை வடிவ வெள்ளை விழும். மிச்சத்தைக் கறுப்பாக விடுங்கள். எல்லாப் பிறையும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். ஒன்று மாறினாலும் குழி புடைப்பாகத் தெரியும்.

35 பிள்ளைகள், உளி இல்லை, பிளேட் கொடுக்கப் பயம். வகுப்பில் என்ன செய்யலாம்?
— சித்திர ஆசிரியை, தருமபுரம்

காட்போட் அச்சு. 15 × 20 சென்ரிமீற்றர் தடித்த மட்டைதான் அடி. பிஸ்கட் பெட்டியின் மேல்தாளை நனைத்து உரித்தால் உள்ளே நெளிமட்டை வரும். தகரக்கூரைக்கு அதைவிட ஒன்று தேவையில்லை. சுவருக்குப் பிறிஸ்டல் போட், மின்கம்பிக்குத் தையல் நூல், பூசாத சுவருக்குப் பசை தடவி அரித்த மணல், கிடுகுக்குச் சாக்கு இழை. எல்லாம் கத்தரிக்கோலால் முடியும். உயர வித்தியாசம் இரண்டு மில்லிமீற்றரைத் தாண்டக் கூடாது, தாண்டினால் தாழ்ந்த இடத்தில் மை படாது. பைண்டர் பசையைச் சிறிது தண்ணீரில் கரைத்து இரண்டு பூச்சு, இரவு முழுவதும் காயவைக்க வேண்டும். இந்தப் பூச்சைத் தவறவிட்டால் முதல் அச்சிலேயே நெளிமட்டை ஊறி உரிந்து கடதாசியோடு போய்விடும்.

றோலர் இல்லாவிட்டால் பஞ்சைத் துணியில் முடிந்து ஒற்றலாம். போஸ்டர் வர்ணம் நம் வெயிலில் தாள் வைக்கும் முன்னரே காயும். பத்துப் பங்குக்கு ஒரு பங்கு கிளிசரின் (பாமசியில் கிடைக்கும்) சேர்த்தால் சில நிமிடம் தாக்குப்பிடிக்கும். ஐந்து பிள்ளைக்கு ஒரு மை மேசை, ஒரு தேய்க்கும் மேசை என்று பிரியுங்கள். மை பட்ட கையோடு தேய்க்கும் மேசைக்கு யாரும் வரக்கூடாது. மட்டை பதினைந்து, இருபது அச்சுத் தாங்கும், பிறகு நெளிவு நசிந்துவிடும்.

இலக்கம் எப்படிப் போடுவது? எப்படிப் பாதுகாப்பது?
— பலர்

பென்சிலால், படத்துக்குக் கீழே. இடப்பக்கம் 3/10 என்ற மாதிரி (பத்துப் பிரதியில் மூன்றாவது), நடுவில் தலைப்பு, வலப்பக்கம் கையெழுத்தும் ஆண்டும். பத்து என்று போட்டபின் பதினொன்றாவதை விற்கக் கூடாது. கோதுமை மாப் பசையால் மட்டையில் ஒட்டாதீர்கள், கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் தேடி வரும்; மேல் ஓரத்தில் மட்டும் மெல்லிய தாள் கீலால் தொங்கவிடுங்கள். தாள்களுக்கு இடையில் வெறும் டிமைத் தாள் வைத்து, சுவரைத் தொடாத இரும்புத் தட்டில் அடுக்குங்கள். கறையான் பெரும்பாலும் சுவர் வழியாகத்தான் ஏறும். வேப்பிலை வைப்பதென்றால் நன்றாகக் காய்ந்தது. பச்சை இலை தாளில் கறை விடும்.